ஒடிசாவின் கண்டாயத்துகள்: சாதி முதலா, மானிய நிலம் முதலா?

#1 குரூப்ஒன்_குமார்

எல்லாருக்கும் வணக்கம். தேர்வுக்கு நவீன இந்திய வரலாறு படிச்சுக்கிட்டிருக்கேன். 1817 பைக்கா கிளர்ச்சியில வந்து நிக்கிறேன். ஒரு புத்தகம் பைக்காக்களை "நிலம் பெற்ற குடிப்படையினர்"னு சொல்லுது. இன்னொன்னு "கண்டாயத்து சாதியினர்"னு முடிச்சிடுது. ரெண்டும் ஒன்னுதானா? கண்டாயத்துன்னா சத்திரியரா, விவசாயியா, சிப்பாயா? ஒடிசா பக்கம் இருக்கிறவங்க, படிச்சவங்க யாராவது கொஞ்சம் விளக்குங்களேன். ஒருவரிப் பதில் வேண்டாம், அது என்கிட்ட நிறைய இருக்கு.

#2 வழிப்போக்கன்

குமார் தம்பி, நான் புவனேசுவரத்தில் குடியிருக்கிறவன். இங்கே பி.ஜே.பி. நகர் என்று ஒரு பேட்டை உண்டு. ஊரிலிருந்து வருகிற உறவுக்காரர்கள் பெயரைக் கேட்டதும் "கட்சிக்காரங்க கட்டின காலனியா?" என்பார்கள். கட்சிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பக்‌ஷி ஜகபந்து வித்யாதர் (ஒடியாவில் பித்யாதர்) என்ற பெயரின் ஆங்கில முதலெழுத்துகள் அவை. அதே பெயரில் ஒரு கல்லூரியும் இருக்கிறது. நீங்கள் கேட்கிற 1817-இன் தலைவர் அவர்தான்.

இனி கண்டாயத்து. கடலோர ஒடிசாவில், பாலேசுவரத்திலிருந்து பத்ரக், ஜாஜ்பூர், கட்டக், புரி, கோர்தா வரைக்கும், எந்தக் கிராமத்துக்குப் போனாலும் நெல் வயலுக்குச் சொந்தக்காரர்களில் பெரும்பகுதி இவர்கள்தான். ரௌத்ராய், பலியார்சிங், சாமந்தராய், பைக்கராய், தளபெஹரா, மங்கராஜ், ஸ்ரீசந்தன் என்று பட்டப்பெயர்கள் போகும். பாதிக்கு மேல் ராஜா கொடுத்த பதவிப் பெயர்கள். ஆனால் நாயக், பெஹரா, ஜெனா, பிரதான் போன்றவை பல சாதிகளுக்குப் பொது. பெயரை வைத்துச் சாதியைப் பிடிக்கிற நம்மூர் வித்தை இங்கே பாதிதான் பலிக்கும்.

கோர்தா பக்கம் போனால் ஊர்ப் பெயர்களிலேயே 'கட' என்று வரும். கட என்றால் கோட்டை. மதில் சுவர், அகழி என்றெல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். மூங்கில் புதரும் காடும் வேலியாக இருந்த படைவீரர் குடியிருப்பு, அவ்வளவுதான். இன்றைக்கும் தசராவில் அந்த ஊர்களில் வாளையும் கேடயத்தையும் அம்மன் முன்னால் வைத்துப் பூசை போடுகிறார்கள். பைக்கா ஆகடா என்ற சிலம்ப, வாள்வித்தைக் கூடங்களும் இருக்கின்றன. இதையெல்லாம் நேரில் பார்த்தால் "இது படைச்சாதி, வேறென்ன?" என்றுதான் தோன்றும். எனக்கும் அதுதான் கருத்து.

#3 ஏட்டுச்சுரை

வழிப்போக்கன் சார், தசராவில் ஆயுதபூசை போடுகிறவர்கள் எல்லாம் படைச்சாதி என்றால் எங்கள் ஊர் லேத் பட்டறைக்காரர்களும் படைச்சாதிதான்.

கேள்வி இதுதான்: பைக்கா என்பது வேலையா, பிறப்பா? 1820-களில் ஒடிசாவைப் பற்றி விரிவாக எழுதிய ஆண்ட்ரூ ஸ்டிர்லிங் என்ற கம்பெனி அதிகாரி, பைக்காக்களில் எல்லாச் சாதியும் உண்டு என்கிறார். பெரும்பாலானவர்கள் சாசா, அதாவது உழவர்கள். கண்டரா, பாண, பாவுரி சாதியினரும் அந்தப் படையில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். முஸ்லிம்களும் தெலுங்கர்களும்கூட அவ்வப்போது சேர்க்கப்பட்டதாகச் சொல்கிறார். ஆக பைக்கா = கண்டாயத்து என்று எழுதின புத்தகத்தைக் குமார் ஓரமாக வைக்கலாம்.

#4 பழைய_கணக்குப்பிள்ளை

வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த இழையில் எல்லோரும் வாளைப் பார்க்கிறீர்கள். எனக்குக் கண் நிலத்தின் மேல்தான் போகிறது. சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ராஜா. நெல் விளைகிற நாடு. கஜானாவில் ரொக்கம் குறைவு. கடைவீதியில் சோழிதான் புழங்குகிறது. மாதச் சம்பளம் கொடுத்து நிலையான படையை வைத்துக்கொள்ள அவனால் முடியாது. அதனால் என்ன செய்கிறான்? ஆளுக்கு இவ்வளவு என்று நிலத்தை எழுதிக் கொடுக்கிறான். வரி கிடையாது, அல்லது பேருக்கு ஏதோ கொஞ்சம். "நீயே உழுது நீயே சாப்பிடு. கொம்பு ஊதினால் வாளோடு வந்து நில்." நம்மூர்க் கணக்கில் சொன்னால் ஊழிய மானியம். அங்கே ஜாகிர் என்பார்கள். பத்துப் பன்னிரண்டு ஊர்ப் பைக்காக்களுக்கு மேலே ஒரு தளபெஹரா இருப்பார், அவருக்குக் கூடுதல் நிலம். எல்லோருக்கும் மேலே படைத்தலைவர், பக்‌ஷி. அவருக்கு ரோரங் என்ற முழு எஸ்டேட்டே இருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. வருஷத்தில் பெரும்பகுதி அந்த ஆள் விவசாயி. பிரஹரி என்ற காவல் படையோ, பனுவா என்ற துப்பாக்கிப் படையோ, டெங்கியா என்ற முன்னணிப் படையோ, எந்தப் பிரிவில் இருந்தாலும் ஆடியில் நாற்று நட்டாக வேண்டும். ஆகவே குமார் கேட்ட "விவசாயியா, சிப்பாயா" என்ற கேள்வி அந்தக் காலத்து ஆளிடம் கேட்டால் புரிந்தே இருக்காது. அவன் வயலே அவனுடைய சம்பளச் சீட்டு.

இப்போது 1803. கம்பெனிப் படை மராத்தியரிடமிருந்து ஒடிசாவை எடுக்கிறது. கர்னல் ஹார்கோர்ட் தலைமையில் கஞ்சத்திலிருந்து, அதாவது நம் சென்னை மாகாணத்திலிருந்து, கிளம்பிப் போன படை அது. அக்டோபர் 14-இல் கட்டக்கின் பாராபாட்டி கோட்டை விழுகிறது. கோர்தா ராஜா இரண்டாம் முகுந்த தேவன் படைக்கு வழிவிட்டான். பதிலுக்கு, மராத்தியர் பறித்துக்கொண்ட நான்கு பரகணாக்கள் (வருவாய் வட்டங்கள்) திரும்பிவரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. ராஜாவின் குரு ஜயீ ராஜகுரு பைக்காக்களைத் திரட்டிக்கொண்டு எதிர்த்தார். தோல்வி. 1805-இல் கோர்தாவைக் கம்பெனியே நேரடியாக எடுத்துக்கொண்டது. 1806 டிசம்பர் 6-இல் மிதுனாப்பூரில் ராஜகுருவுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ராஜாவைப் புரியில் கொண்டுபோய் உட்காரவைத்து, ஜகந்நாதர் கோயில் நிர்வாகத்தைப் பார்த்துக்கொள் என்றார்கள்.

ராஜ்ஜியமே போன பிறகு ராஜாவுக்குப் படை எதற்கு? படை எதற்கு என்றால் படைக்கான மானியம் எதற்கு? கம்பெனியின் வருவாய் மூளை இப்படித்தான் வேலை செய்யும், நானும் அந்த வழியில் வந்தவன்தானே. கோர்தாவின் பொறுப்பில் இருந்த மேஜர் ஃபிளெட்சர் காலத்தில் பைக்கா மானியங்களை மீட்டு, வரி விதித்தார்கள். முந்தாநாள் வரை வரி கட்டாத சேவகன் நேற்று ரயத்து, அதாவது வரி கட்டும் குடியானவன். இன்றைக்கு நிலுவைதாரன். அந்த வரியும் சோழியில் செல்லாது, வெள்ளி ரூபாயில் கட்ட வேண்டும். எல்லோரும் ஒரே சமயத்தில் ரூபாய்க்கு அலைந்தால் சோழியின் மதிப்பு என்ன ஆகும்? கட்டுகிற வரி தாளில் ஏறாமலே கையில் ஏறிக்கொண்டே போகும். இதற்கு மேலே உப்பு. கடற்கரையில் தானே காய்ச்சித் தின்ற ஜனங்கள் கம்பெனி உப்பைக் கம்பெனி விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று.

நிலுவை விழுந்தால் ஏலம். ஏலம் நடந்ததோ கல்கத்தாவில். கட்டக்கில் இருப்பவனுக்குத் தகவல் தெரிவதற்குள் வங்காளத்து ஆள் கையில் நிலம் மாறியிருக்கும். பக்‌ஷி ஜகபந்துவின் ரோரங்கே இப்படிப் போனதுதான். கிருஷ்ண சந்திர சிங் என்ற வங்காளத்து நிலக்காரர், வருவாய் அலுவலகத்துச் சூழ்ச்சிகளின் துணையோடு அதைத் தட்டிப்பறித்தார். 1814-க்குள் ஜகபந்து கையில் ஒன்றும் இல்லை. "உரிமை இருந்தால் கோர்ட்டில் வழக்குப் போட்டு நிரூபி" என்றது சர்க்கார். தலைமுறை தலைமுறையாகப் படைக்குத் தலைமை தாங்கியவனிடம் பட்டா இருக்கிறதா என்று கேட்டார்கள்.

மூன்றே வருஷத்தில் கிளர்ச்சி. அதனால் என் கட்சி இது: சாதி அந்தப் படையை உண்டாக்கவில்லை. மானியம்தான் படையை உண்டாக்கிற்று, மானியத்தைப் பிடுங்கியதுதான் கிளர்ச்சியை உண்டாக்கிற்று. நாம் இன்று பார்க்கிற சாதியின் பெரும்பகுதியும் அந்த மானியம் ஊறிய மண்ணில் முளைத்ததுதான்.

#5 குரூப்ஒன்_குமார்

ஐயா, இதை எந்த கோச்சிங் சென்டர்லயும் சொல்லித்தரல. சோழி விஷயம் இப்பதான் புரியுது. கிளர்ச்சி எப்படி நடந்துச்சுன்னும் சுருக்கமா யாராவது சொல்லிடுங்க, ப்ளீஸ்.

#6 வழிப்போக்கன்

சுருக்கமாக: 1817 மார்ச் கடைசியில் கும்சூரிலிருந்து ஏறத்தாழ 400 கந்தப் பழங்குடியினர் கோர்தா எல்லைக்குள் வந்தார்கள். ஜகபந்துவின் பைக்காக்கள் சேர்ந்துகொண்டார்கள். பான்பூரில் காவல் நிலையமும் அரசுக் கட்டடங்களும் எரிந்தன, நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர், கருவூலம் சூறை. அடுத்து கோர்தா. வெள்ளை அதிகாரிகள் ஓட்டம். ஏப்ரலில் புரியும் சில நாள் கிளர்ச்சிக்காரர் கையில் இருந்தது. முகுந்த தேவனை மீண்டும் ராஜா என்று அறிவித்தார்கள். கேப்டன் லெ ஃபெவ்ர் படையோடு வந்து புரியைத் திரும்பப் பிடித்து ராஜாவையும் பிடித்தார். ராஜா அதே வருஷம் நவம்பரில் கட்டக் சிறையில் இறந்தார். ஜகபந்து காட்டுக்குள் போனவர் 1825 வரை சிக்கவில்லை. பிறகு சமாதானமாகி, கட்டக்கில் கம்பெனி கொடுத்த உபகாரச் சம்பளத்தில் இருந்து 1829-இல் காலமானார்.

கும்சூர் எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். கஞ்சம் மாவட்டம். அப்போது சென்னை மாகாணம். 1936 ஏப்ரல் 1-இல் ஒடிசா தனி மாகாணம் ஆகும் வரைக்கும் அந்த ஊர் சென்னைக் கோட்டைக் கச்சேரிக்குத்தான் கணக்குச் சொன்னது. கிளர்ச்சிக்காரர்கள் இரண்டு மாகாண எல்லையிலும் மாறி மாறி ஒளிந்ததால் கம்பெனிக்குத் தலைவலி இரட்டிப்பு.

கணக்குப்பிள்ளை ஐயாவுக்கு ஒரு கேள்வி. மானியம்தான் எல்லாம் என்றால், மானியமே வாங்காத கந்தர்கள் ஏன் முதலில் வந்தார்கள்?

#7 பழைய_கணக்குப்பிள்ளை

நல்ல கேள்வி. கந்தர்களுக்குக் கும்சூர் ராஜவம்சத்தில் கம்பெனி கை வைத்த கோபம் தனியாக இருந்தது. 1835-லிருந்து அங்கே தனிப் போரே நடந்தது. இரண்டு கோபங்கள் ஒரே சமயத்தில் சந்தித்தன. எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. பைக்காக்களைப் பற்றி மட்டும்தான் பேசுகிறேன்.

#8 சிவகங்கைச்சீமை

எல்லாம் சரி. இதைப் போய் "முதல் சுதந்திரப் போர்"னு கொண்டாடுறானுங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க? 1780-லயே வேலுநாச்சியார் வெள்ளைக்காரன்கிட்ட இருந்து சீமையை மீட்டாச்சு. 1801-ல மருது சகோதரர்கள் திருச்சியில அறிக்கை ஒட்டினாங்க. 1806-ல வேலூர். 1817 எப்படிய்யா முதல் ஆகும்? வடக்கத்தியான் எதைச் சொன்னாலும் தலையாட்டணுமா?

#9 ஏட்டுச்சுரை

ஒடிசா வடக்கா? கல்கத்தாக்காரனைக் கேட்டால் தெற்கு என்பான்.

அந்தப் பட்டத்தை மத்திய அரசே கொடுக்கவில்லை, கவலைப்படாதீர்கள். 2017-இல், கிளர்ச்சியின் 200-ஆம் ஆண்டில், ஒடிசா அரசு கேட்டது. அப்போதைய கல்வி அமைச்சர் பிரகாஷ் ஜவடேகர் பாடப்புத்தகத்தில் சேர்ப்போம் என்றார். 2018-இல் பிரதமர் தபால்தலையும் நாணயமும் வெளியிட்டார். 2019-இல் குடியரசுத் தலைவர் கோவிந்த் பருணை மலையடிவாரத்தில் நினைவகத்துக்கு அடிக்கல் வைத்தார். இவ்வளவுக்கும் பிறகு 2021 டிசம்பரில் கலாச்சார அமைச்சர் மாநிலங்களவையில், முதல் சுதந்திரப் போர் என்று அழைக்க முடியாது, எட்டாம் வகுப்புப் பாடத்தில் ஒரு நிகழ்வாய்வாக இருக்கும் என்று பதில் சொல்லிவிட்டார். 2025 ஜூலையில் புதிய எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் அதுவும் இல்லை என்று நவீன் பட்நாயக் கிளப்ப, இரண்டாம் பாகத்தில் வரும் என்றது என்.சி.இ.ஆர்.டி.

யார் முதல் என்ற ஓட்டப்பந்தயத்தில் எனக்கு ஆர்வம் இல்லை. சிவகங்கை மக்களுக்கும் கோர்தா மக்களுக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. இருவரையும் ஒரே கம்பெனி ஒரே மாதிரியான வரிக் கணக்கால் நெருக்கியது என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

#10 சிவகங்கைச்சீமை

விஷயத்தை மாத்தாதீங்க. 1801 முன்னாடியா 1817 முன்னாடியா? கணக்குத் தெரியாதா?

#11 மட்டுறுத்துநர்

"முதல் சுதந்திரப் போர் எது" என்று ஏற்கெனவே தனி இழை ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சண்டையை அங்கே வைத்துக்கொள்ளவும். இடையில் வந்த நான்கு பதிவுகளை அங்கே நகர்த்தியிருக்கிறேன். இங்கே கண்டாயத்துகள் பற்றி மட்டும்.

#12 கல்வெட்டுக்கிறுக்கி

மட்டுறுத்துநருக்கு நன்றி. தமிழ்நாட்டைக் கொண்டுவர வேண்டுமென்றால் உண்மையான தொடர்பு ஒன்று இருக்கிறது, யாரும் தொடவில்லை.

கஜபதி அரசர் கபிலேந்திர தேவர் 1430-களில் ஆட்சிக்கு வந்தவர். அவர் படை 1464 வாக்கில் காவிரி வரைக்கும் இறங்கியது. திண்டிவனம் பக்கம் முன்னூரில் உள்ள கல்வெட்டு, அவருடைய பேரன் தட்சிண கபிலேசுவர குமார மகாபாத்திரரை இந்தப் பகுதியின் ஆளுநராகவே குறிக்கிறது. அவர் அதிகாரத்தில் இருந்த இடங்களாகக் கொண்டவீடு, கொண்டபள்ளியோடு படைவீடு, திருவாரூர், திருச்சிராப்பள்ளி என்று பட்டியல் வருகிறது. தென்னார்க்காட்டுப் பக்கத்துக் கல்வெட்டுகளில் "ஒட்டியன் கலபை" என்று ஒரு தொடர். ஒட்டியர், அதாவது ஒடிசாக்காரர், படையெடுப்பால் கோயில் பூசை நின்று, பிற்பாடு விஜயநகரத்துச் சாளுவ நரசிம்மர் காலத்தில் சீரானதைச் சொல்கிறது. ஆட்சி சில வருஷம்தான், ஆனால் ஊர் நினைவில் ஒரு கலகமாகத் தங்கியிருக்கிறது.

இப்போது வழிப்போக்கனுக்கு: அந்தப் படையில் வந்தவர்கள் கண்டாயத்துகளா? கல்வெட்டு அதைச் சொல்லவில்லை. மகாபாத்திரர், பரீட்சா என்று பதவிகளைத்தான் சொல்கிறது. இன்றைய சாதி மாநாடுகளில் "காவிரி வரை வென்ற கண்டாயத்து வீரம்" என்று பேசலாம், ஆனால் 1464-இல் அந்தப் பெயரில் ஒரு பிறப்புச் சாதி திரண்டிருந்தது என்பதற்கு நம் பக்கத்துக் கல்லில் ஆதாரம் இல்லை. அரசு பெரிதாக இருந்தபோது பலதரப்பட்ட ஆட்கள் திரட்டப்பட்டார்கள். 1568-இல் கஜபதி அரசு விழுந்து, 1590-களில் முகலாயத் தளபதி மான்சிங் காலத்தில் கோர்தா அளவுக்கு ராஜ்ஜியம் சுருங்கிய பிறகு, அந்தப் படைக்குடிகள் கோட்டை ஊர்களில் நிலைத்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த பிறகுதான் 'நாங்கள் யார்' என்ற கேள்வி கெட்டிப்பட்டது என்று நினைக்கிறேன். இதில் கணக்குப்பிள்ளை ஐயா கட்சிதான் நானும்.

#13 வழிப்போக்கன்

ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. அப்படியானால் இவர்களுக்குள்ளேயே ஏன் மேல் கீழ் இருக்கிறது? மகாநாயக் கண்டாயத்து என்றும் சாசா கண்டாயத்து என்றும் இரண்டு அடுக்கு உண்டு. மேல் அடுக்கு கீழ் அடுக்கோடு பெண் கொடுத்து எடுக்கத் தயங்கும். வெறும் நில மானியம் என்றால் இந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது? ரத்தம், குலம் என்ற எண்ணம் பழையதாக இருந்திருக்க வேண்டும்.

#14 ஏட்டுச்சுரை

நீங்கள் சொன்னதே எதிர்க்கட்சிக்கு ஆதாரம், சார்.

அந்த இரண்டு அடுக்கையும் 1891-இல் ரிஸ்லி என்ற ஆங்கில அதிகாரி எழுதிவைத்திருக்கிறார். மேல் அடுக்கு, பெரிய ஜாகிர் வைத்திருந்த படைத்தலைவர் குடும்பங்கள். கீழ் அடுக்கு, சாதாரணப் பைக்காவாக இருந்த உழவர்கள். மானியத்தின் அளவுதான் அடுக்கின் உயரம். கையில் நாலு காசு சேர்ந்த சாசா குடும்பம் கண்டாயத்து வீட்டில் சம்பந்தம் வைத்து, இரண்டு தலைமுறையில் தானும் கண்டாயத்து ஆகிவிடும். அடைத்த கதவு என்றால் இது நடக்காது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்ததும் கதவு இன்னும் அகலமாகத் திறந்தது. கணக்கெடுக்க வருகிறவனிடம் என்ன எழுதச் சொல்வது என்று சாதிச் சங்கங்கள் கூடிப் பேசின. சிலர் ஒரு படி மேலே போய்ச் சத்திரியர் என்றே எழுதச் சொன்னார்கள்.

ஆனால் கணக்குப்பிள்ளை ஐயாவிடமும் எனக்கு வழக்கு உண்டு. ஸ்டிர்லிங் பட்டியலில் கண்டராவும் பாணரும் பாவுரியும் இருந்தார்களே, அவர்கள் எங்கே போனார்கள்? மூன்றும் இன்று ஒடிசாவில் பட்டியல் சாதிகள். கண்டராக்கள் பல ஊர்களில் காவல்காரர்களாகவே இருந்தவர்கள். ராத்திரிக் காவல், திருட்டுக்குப் பதில் சொல்வது, தண்டோரா. கையில் கம்பு, ராஜாவுக்கு ஊழியம், அதற்குத் துண்டு நிலம். வேலையில் என்ன பெரிய வித்தியாசம்? ஒருவன் வாளோடு தசரா ஊர்வலத்தில் போகிறான், இன்னொருவனுக்கு அந்த ஊர்வலத்தில் இடம் எங்கே என்று முன்பே தீர்மானித்தாகிவிட்டது. மானியம்தான் சாதியை உண்டாக்கிற்று என்றால், ஒரே மானிய முறையில் இருந்த இவர்களை மட்டும் ஏன் உள்ளே விடவில்லை? தீண்டாமை மானியத்துக்கு முந்தியது. நிலக் கணக்கு மட்டும் பார்த்தால் அது கண்ணில் படாது.

#15 கல்வெட்டுக்கிறுக்கி

இது இந்த இழையின் முக்கியமான பதிவு.

இதோடு ஒன்று சேர்க்கிறேன். கோர்தா பக்கத்தில் கட மானித்ரி என்ற கோட்டை ஊரில் ஜப்பானிய மானுடவியலாளர் அகியோ தனாபே வெகுகாலம் ஆய்வு செய்திருக்கிறார். 18-ஆம் நூற்றாண்டுக் கடைசியின் ஓலைக் கணக்குகளை வைத்து, அந்தக் கோட்டைப் பகுதியில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று விளக்குகிறார். தலைவன், பைக்கா, பூசாரி, நாவிதர், வண்ணார், குயவர் என்று ஒவ்வொருவருக்கும் விளைச்சலிலும் நிலத்திலும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. அம்மன் ராமசண்டிக்கு முன்னால் ஒவ்வொருவருக்கும் ஒரு கடமை. பைக்காவின் பங்கு அந்தப் பெரிய வலையில் ஒரு கண்ணிதான். கம்பெனி வந்து ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு சொந்தக்காரன் பெயரை எழுதியபோது நிலம் வைத்திருந்தவன் நிலக்காரன் ஆனான். ஊழியப் பங்கை மட்டும் வைத்திருந்தவன் கையில் ஊழியம்தான் மிஞ்சிற்று, பங்கு மெல்ல மெல்லக் கரைந்தது. ஏட்டுச்சுரை கேட்டதற்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது. மீதிப் பாதிக்கு, அவர் சொன்ன மாதிரி, தீண்டாமைதான் பதில்.

#16 குரூப்ஒன்_குமார்

ஒரு சந்தேகம். இவ்வளவு பெரிய நிலவுடைமைச் சமூகம்னா அரசியல்லயும் இவங்கதானே இருக்கணும்? ஆனா ஒடிசா முதல்வர்கள்னா பட்நாயக் பட்நாயக்னுதான் வருது.

#17 வழிப்போக்கன்

அந்தக் குறை இங்கே டீக்கடையில் தினமும் கேட்கலாம். பட்நாயக் என்பது பெரும்பாலும் கரணர் பட்டப்பெயர். கரணர்கள் கணக்கெழுத்துச் சாதி, எண்ணிக்கையில் சிறியது. பிஜு பட்நாயக், ஜே.பி. பட்நாயக், 2000 முதல் 2024 வரை நவீன் பட்நாயக். இடையிடையே பிராமணர்கள். கண்டாயத்து முதல்வர்கள் என்று ஹரேகிருஷ்ண மகதாபையும் 1977-இல் வந்த நீலமணி ரௌத்ராயையும் சொல்வார்கள். இப்போது மோகன் சரண் மாஜி, சந்தால் பழங்குடியினர்.

எண்ணிக்கை இருந்தும் ஏன் இல்லை என்றால், என் பார்வையில், கண்டாயத்து ஓட்டு என்று ஒன்று கிடையாது. கட்டக் சாமந்தராயும் ஊரோரத்துச் சாசா கண்டாயத்தும் தங்களை ஒரே ஆளாக நினைப்பதில்லை. இந்த இடத்தில் மட்டும் ஏட்டுச்சுரைக்கு ஒரு மதிப்பெண் போடுகிறேன்.

#18 ஏட்டுச்சுரை

ஆங்கிலமும் பேனாவும் முதலில் யார் கைக்குப் போனது என்பதும் காரணம். வயல் இருந்தவன் வயலைப் பார்த்தான். வயல் இல்லாத கணக்கன் கச்சேரியைப் பிடித்தான்.

#19 சிவகங்கைச்சீமை

சரி, நான் ஒழுங்கா ஒரு கேள்வி கேக்குறேன். கிளர்ச்சி தோத்தப்புறம் அந்த மானிய நிலம் எல்லாம் என்னாச்சு? எங்க பக்கம் 1801-க்கு அப்புறம் ஆயுதத்தைப் பிடுங்கிக் கோட்டையை இடிச்சு, பாளையத்தை ஜமீனாக்கிட்டானுங்க. அங்கயும் அதேதானா?

#20 பழைய_கணக்குப்பிள்ளை

நல்ல இடத்துக்கு வந்தீர்கள். பாதி ஒத்துப்போகும், பாதி போகாது.

கிளர்ச்சியை விசாரித்த வால்டர் யூவர் 1818-இல் கொடுத்த அறிக்கையே சர்க்காரின் வருவாய் நடவடிக்கைகளைத்தான் காரணம் காட்டுகிறது. அதன் பின் வரியில் கொஞ்சம் தளர்வு கொடுத்தார்கள். ஆனால் கோர்தாவை ஜமீன் ஆக்கவில்லை. சர்க்கார் தன் நேரடி எஸ்டேட்டாகவே வைத்துக்கொண்டு ரயத்துகளிடம் வசூலித்தது. பழைய கோர்தா ராஜவம்சம் புரியில் கோயில் மரியாதையோடு நின்றது. கோபம் அதோடு அடங்கிவிடவில்லை. 1827-இல் தபங்கின் தளபெஹரா மாதவ சந்திர ரௌத்ராய் மறுபடியும் எழுந்தார்.

பைக்காக்களில் ஒரு பகுதியினரை மட்டும் ஊர்க்காவல் வேலைக்கென்று சிறு மானியத்தோடு வைத்துக்கொண்டார்கள். நேற்று ராஜாவின் படை, இன்று தாணாக்காரனுக்கு எடுபிடி. மிச்சமிருந்ததெல்லாம் 1964-இல் ஒடிசா சட்டமன்றம் கிராமக் காவல் பதவிகள் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்ததோடு முடிந்தது. ஜமீன்களை 1951-ஆம் வருஷச் சட்டம் முன்பே முடித்திருந்தது. பதவி போய், மானிய நிலம் ரயத்துவாரியாகப் பதிவானது. நம்மூரில் 1960-களில் இனாம் ஒழிப்பு நடந்தபோது நான் சின்னப் பையன். அப்பா அந்தக் கோப்புகளைத்தான் வீட்டுக்கு எடுத்து வருவார், அதனால் இந்த மாதிரிச் சட்டங்கள் என்றால் எனக்கு ஒரு மோகம்.

ஏட்டுச்சுரை தம்பி கேட்டதற்கும் இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். தீண்டாமை மானியத்துக்கு முந்தியது, மறுக்கவில்லை. ஆனால் பெரிய மானியம் யாருக்கு, துண்டு மானியம் யாருக்கு என்று பிரித்தபோது அந்தத் தீண்டாமைக்கு ஒரு சர்வே எண் கிடைத்தது. பிறகு வந்த ஒவ்வொரு சர்க்காரும் அந்த எண்ணை அப்படியே புதுப் பதிவேட்டில் பிரதி எடுத்தது.

#21 ஏட்டுச்சுரை

பிரதி எடுத்தவர்கள் யார் ஐயா? கணக்குப்பிள்ளைகள்தானே.

அது போகட்டும். 1964 சட்டத்தில் நிலம் யார் பேருக்குப் போயிற்று என்பதைத்தான் பார்க்க வேண்டும். பதவியை வைத்திருந்தவன் பேருக்கா, நிலத்தில் உண்மையில் உழுதுகொண்டிருந்தவன் பேருக்கா? காவல்காரக் கண்டரா தன் துண்டு நிலத்தை அடமானம் வைத்து, அதைக் கண்டாயத்து வீட்டுக்காரர் உழுதுகொண்டிருந்தால் பட்டா யாருக்கு? ஒரு மாவட்டத்தின் செட்டில்மென்ட் (நில அளவை, உரிமைப் பதிவு) பதிவேடுகளை உட்கார்ந்து பார்த்தால் இந்த இழையின் பாதிச் சண்டை தீரும்.

#22 வழிப்போக்கன்

கோர்தா தாசில் அலுவலகம் எனக்கு எட்டுகிற தூரம்தான். ஒடியா எழுத்துக் கூட்டிப் படிப்பேன், பழைய கையெழுத்து வராது. படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போக முடியுமா என்று பார்க்கிறேன். கணக்குப்பிள்ளை ஐயா, எந்தப் பதிவேட்டைக் கேட்க வேண்டும், எந்தப் பத்தியில் பார்க்க வேண்டும் என்று தனிமடலில் எழுதுங்கள்.

#23 பழைய_கணக்குப்பிள்ளை

தனிமடல் எதற்கு, இங்கேயே சொல்கிறேன். முதலில் ஒரே ஒரு கோட்டை ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். மாவட்டம் முழுக்க என்று ஆசைப்பட வேண்டாம். சட்டத்துக்கு முந்தைய உரிமைப் பதிவேட்டில் ஜாகிர் என்று குறித்திருக்கிற மனைகளை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த செட்டில்மென்டில் அதே மனை எண்களுக்கு நேரே யார் பெயர், என்ன சாதி என்று பாருங்கள். ஒடிசா உரிமைப் பதிவேட்டில் தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் சாதியையும் எழுதும் வழக்கம் உண்டு, அது உங்களுக்கு வசதி. எண் மாறியிருந்தால் வரைபடத்தை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். அலுவலகத்தில் மதியத்துக்கு மேல் போகாதீர்கள், பதிவறைக்காரர் இருக்க மாட்டார். இது எந்த மாநிலமானாலும் ஒன்றுதான்.